அந்த மெஷினைத் திருப்பி அனுப்பு

அசோக்,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கிற நிலைமையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், போன வாரம் வீடியோவில் பார்த்தேனே, கன்னம் உப்பியிருக்கிறது. எனக்குத்தான் ஐந்து நாளாக வயிறு எரிகிறது. நீ அனுப்பிய செய்தியை எத்தனை தடவை படித்திருப்பேன் தெரியுமா? "அம்மா, மெஷின் நல்லா ஓடுது. அந்த ரெண்டு டிரம்மையும் எடுத்துட்டுப் போக ஞாயித்துக்கிழமை ஸ்கிராப்காரரை வரச் சொல்லிட்டேன். இனிமே நீ குப்பையையே தொட வேணாம். ஒக்கலிபுரம் வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடு. நிம்மதியா உக்காந்து டிவி பாரு." கடைசியில் சிரிக்கிற பொம்மை ஒன்று. பதிலுக்கு நானும் ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பிவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன், இரண்டுமே உனக்கு வசதியாகப் போய்விடும், "அம்மாவுக்கு பி.பி." என்று திவ்யாவிடம் சொல்லிவிட்டு லேப்டாப்புக்குத் திரும்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தங்கவயல் தமிழ் ஸ்கூலில் பத்தாவது வரை படித்தவள் நான். உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

முதலில் அந்த எருத்தொட்டி விஷயம். அதைப் பற்றி என்னிடம் கேட்டது நீ இல்லை, உன் பெண்டாட்டி திவ்யா. நீங்கள் அத்திபெலே வீட்டுக்குக் குடிபோவதற்கு முன்னால் ஒரு நாள் போன் பண்ணினாள். "அத்தை, வீட்டுக்கு முன்னாடி பன்னெண்டுக்கு எட்டு எடம் இருக்கு. செடி வெக்கணும். கம்போஸ்ட் பின் ஒண்ணு வாங்கலாம்னா ஆன்லைன்ல ஆயிரம் விதம் காட்டுறான், தலையே சுத்துது. எது வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாள். இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர்த் தெருவைப் பெருக்கி, வீடு வீடாகக் குப்பை வாங்கினவள் நான். ஒருத்தர், ஒரே ஒருத்தர், குப்பையைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. பார்க்கில் இலைக் குப்பையை எரிக்காமல் எருவாக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது குழி வெட்டியது நாங்கள், தண்ணீர் தெளித்தது நாங்கள், வாரம் ஒரு தடவை புரட்டிப் போட்டது நானும் என்கூட வேலை பார்த்த லட்சுமம்மாவும். எரு கமகமவென்று மண்வாசனையோடு வந்ததும் ஆபீசர்கள் வந்தார்கள். ஒருத்தர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு என் எருவை அள்ளிக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார். எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள், போட்டோவில் துடைப்பம் விழுகிறதாம். அப்படி இருந்தவளிடம் படித்த பெண் ஒருத்தி 'நீங்களே சொல்லுங்க' என்று கேட்டால் எப்படி இருக்கும்? அடுத்த சனிக்கிழமையே மெஜஸ்டிக்கில் பஸ் ஏறிவிட்டேன்.

இன்னும் குடிபோகாத வீட்டிலேயே நீ மாடியில் லேப்டாப்போடு மீட்டிங்கில் இருந்தாய். நான் உன் தோட்டத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்கும், பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் எங்கே இருக்கிறது, பெருச்சாளி வளை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். இதையெல்லாம் பார்க்காமல் தொட்டி வாங்குகிறவர்கள்தான் ஊரில் முக்கால்வாசி. திவ்யா போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு மண்பானை, பூ வரைந்தது. பார்க்க அழகுதான். ஆனால் கீழ் அடுக்கை எடுக்க மேல் இரண்டையும் தூக்கி வைக்க வேண்டும், ஈரக் குப்பையோடு அது அம்மிக்கல் கனம் கனக்கும், நாலாவது மாதம் விளிம்பு உடையும். அடியில் குழாய் வைத்த மூடின பிளாஸ்டிக் வாளி இன்னொன்று. அது சமையலறைக்குள் வைக்கிறவர்களுக்கு. அதிலிருந்து எடுத்ததை மறுபடி மண்ணில் புதைத்தால்தான் எரு, இரண்டு வேலை. பிறகு நீ இப்போது வாங்கியிருக்கிற அந்தக் கரண்ட் எரு மெஷின், அதை அன்றைக்கே காட்டினாள், நான் சிரித்தேன். எனக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைக்கிறாய்? ரிச்சர்ட்ஸ் டவுனில் எட்டு வருஷம் வீடு வீடாகக் குப்பை வாங்கியிருக்கிறேன். ஆசையாக வாங்கி வாசலில் வைத்த எருத்தொட்டி எல்லாம் ஆறு மாதத்தில் உடைந்தோ நாறியோ, 'ஒண கசா' என்று உலர்ந்த குப்பையோடு சேர்ந்து என் வண்டிக்குத்தான் வந்தன. எது நிலைக்கும், எது நிலைக்காது என்று கம்பெனிக்காரனை விட எனக்குத் தெரியும்.

சின்னத் தோட்டத்துக்கு ஒரு பெரிய தொட்டி வாங்கவே கூடாது அசோக், இரண்டு நடுத்தரமானவை வேண்டும். ஒன்று நிரம்புகிற காலத்தில் இன்னொன்று மூடிக்கிடந்து மக்க வேண்டும். ஒரே தொட்டியாக இருந்தால் தினமும் மேலே புதுசு விழுந்துகொண்டே இருக்கும், அடியில் இருப்பது எருவானாலும் எடுக்க முடியாது. இதைத் திவ்யாவிடம் சொன்னதும் டக்கென்று புரிந்துகொண்டாள். இரண்டு பேரும் அத்திபெலே மெயின் ரோட்டில் பழைய சாமான் கடைக்குப் போனோம். நீல டிரம் குவிந்து கிடந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டு முகர்ந்து பார்த்தேன். கெமிக்கல் வந்த டிரம் ஆயிரம் தடவை கழுவினாலும் மண்ணைக் கொன்றுவிடும். கடைக்காரர் சிரித்துவிட்டு, "யம்மா, ஊறுகாய் வந்த டிரம் வேணுமா? பின்னாடி வா" என்று கூட்டிப்போனார். இரண்டு எடுத்தோம். வெல்டிங் கடையில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அடிப்பக்கத்தை வெட்டி, பெருச்சாளி தோண்டாமல் இருக்கக் கம்பிவலை அடித்து, அவரைப் பந்தல் போடலாம் என்று வைத்திருந்த மூலையில் மண்ணோடு மண்ணாக உட்கார வைத்தோம். மண்புழு தானாக ஏறி வர அதுதான் வழி. உன் மாமியார் வீட்டில் அவளுக்கு நகை எடுத்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள், டிரம்முக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் தப்பு பண்ணியது நான்தான், அதை மறைக்க மாட்டேன். கிருகப்பிரவேசத்தன்று பிசிபேளேபாத் அரை அண்டா மிஞ்சியது. வெளியே கொட்ட மனசு வரவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்கிற திமிர் எனக்கு. புது டிரம், உள்ளே இன்னும் காய்ந்த இலைகூடச் சரியாகச் சேரவில்லை, அதில் எண்ணெயும் நெய்யுமாக அந்த அரை அண்டாவையும் கவிழ்த்தேன். வேலையில் சேர்ந்த முதல் வருஷம்கூட அப்படிச் செய்திருக்க மாட்டேன். நாலு நாளில் நாற்றம் தெரு முனை வரைக்கும் போனது. பக்கத்து வீட்டு அம்மா கேட்டருகில் வந்து கத்தினாளாம். நீ போன் பண்ணிக் கேட்டபோது நான் பிசிபேளேபாத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. "முதல்ல அப்படித்தான்டா இருக்கும்" என்று மழுப்பினேன். அதைத் தப்பு என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால் நீ டிரம்மின் மேல் பழி போட்டிருக்க மாட்டாய். இப்போது ஒத்துக்கொள்கிறேன். நாறியது டிரம் இல்லை, என் வீம்பு.

அதைச் சரிபண்ணத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உன் மாமனாரும் அன்று சாப்பிட வருகிறார் என்று எனக்குத் தெரியாது. ஒரு மூட்டை காய்ந்த இலையும் ஒரு சொம்பு புளித்த மோரும் கொண்டுவந்திருந்தேன். டிரம்மைத் திறந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டுப் புரட்டினேன். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து பார்த்தேன். விரலிடுக்கில் ஒரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் இலை போதவில்லை என்று அர்த்தம். கண்ணால் பார்த்துத் தெரியாது, கையால்தான் தெரியும். உன் மாமனார் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேங்க்கில் பெரிய வேலை பார்த்து ரிடையர் ஆனவர், ஜெயநகரில் சொந்த வீடு, ஆனாலும் மனுஷர் எளிமையானவர். "சம்பந்தியம்மா, எங்க மொட்டை மாடித் தொட்டியிலயும் இதே நாத்தம்தான். என்ன பண்றதுனே தெரியல. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ ஓடி வந்தாய். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய், இத்தனைக்கும் கையில் அந்தப் பிடி அப்படியே இருந்தது. அதைத் தட்டிவிட்டுக் குழாயடிக்குக் கூட்டிப்போனாய். "சோப்பு போட்டு நல்லாக் கழுவும்மா" என்று நீயே என் இரண்டு கையையும் பிடித்து, விரல் விரலாக, மூக்குச் சளி துடைக்கத் தெரியாத குழந்தைக்குக் கழுவிவிடுகிற மாதிரி கழுவினாய். என் முதுகுக்குப் பின்னால் இருந்த அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அம்மா ஹெல்த் டிபார்ட்மென்ட்ல ஆபீஸ்ல இருந்தாங்க மாமா. கார்டனிங் அவங்க ஹாபி."

ஹாபி! எனக்குத் தெரியாத வார்த்தையா அது? விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரிங்குக்குப் போய் வருகைக்குக் கட்டைவிரல் வைத்தது ஹாபி. முதல் மூன்று வருஷம் கையுறை கொடுக்காமல் கண்ணாடித் துண்டும், ஊசியும், சொல்லக் கூசுகிற துணியும் வெறுங்கையால் பிரித்தது ஹாபி. உள்ளங்கையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் கிழிந்த தழும்பு இருக்கிறதே, அன்றைக்கு நீயே கழுவினாயே, அதுவும் ஹாபியில் வந்ததுதான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கேட்டுக்கு மேலே தூக்கி ஊற்றினவர்கள் இருந்த தெருவில் இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். இந்த வேலைக்கு எந்தச் சாதிக்காரர்களைத் தேடிப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். என் அப்பா தங்கவயலில் பாதாளத்தில் இறங்கினவர், நம் குடும்பத்தில் தெருவுக்குத் துடைப்பம் எடுத்தது நான்தான் முதல். சுரங்கத்தை மூடினார்கள், உன் அப்பா பெயின்ட் அடிக்க இந்த ஊருக்கு வந்தார், வந்ததுமே நானும் துடைப்பம் எடுத்தேன், நீ ஒன்பதாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தார், அதற்கப்புறம் உன்னை இன்ஜினியர் ஆக்கியது ஆபீஸ் வேலை இல்லையடா. நான் அதற்காக ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. கோபப்பட்டிருக்கிறேன். வெட்கப்பட்டதில்லை.

அன்றைக்கு நான் சாப்பிடாமல் பஸ் ஏறியது உனக்கு நினைவிருக்கும். "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கல" என்று சொன்னாயாம். இரண்டு மாதமாக அந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் நீ மெஷின் வாங்கிவிட்டாய். கையே படாதாம், நாற்றமே இருக்காதாம், ஒரே ராத்திரியில் எருவாம். போன வாரம் திவ்யா ரகசியமாகக் கூப்பிட்டாள். "அத்தை, மெஷின் பொடியை ரோஜாத் தொட்டியில போட்டேன். தண்ணி ஊத்தினதும் வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருச்சு, பழைய சோறு நாத்தம் அடிக்குது. செடி துவளுது அத்தை" என்றாள். துவளாமல் என்ன செய்யும்? அந்த மெஷின் சோற்றையும் காய்த்தோலையும் கரண்ட்டில் காய வைத்து அரைத்துத் தருகிறது, அவ்வளவுதான். அது எரு இல்லை, வற்றல். ஈரம் பட்டால் விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுக ஆரம்பிக்கும். மக்குவதற்கு நாள் ஆகும் அசோக். புழு வேண்டும், காற்று வேண்டும், அப்பப்போ ஒரு கை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பட்டன் போட்டு அவசரப்படுத்துகிற வேலை இல்லை இது. திருப்பி அனுப்புகிற கெடு இன்னும் தாண்டவில்லை என்று திவ்யா சொன்னாளே, அதைத் திருப்பி அனுப்பு. அவர்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால் மிளகாய் காய வைக்க வைத்துக்கொள்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கே கஷ்டமான விஷயம். நீ குழாயடியில் சொன்னாயே, "சோப்பு போட்டு நல்லாக் கழுவு" என்று, அது உன் வார்த்தை இல்லை. என் வார்த்தை. உனக்குப் பதினைந்து வயது. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே முடியவில்லை. வீட்டுக் குப்பை வாளி நிரம்பி வழிந்தது. நீ சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி பக்கம் போனாய். நான் படுத்த இடத்திலிருந்தே கத்தினேன்: "வெய்டா கீழ! அந்த வாளியைத் தொட்டேன்னா உனக்கு இன்னிக்குச் சோறு கெடையாது! போ, போய் சோப்பு போட்டு நல்லாக் கழுவு!" நீ பயந்துபோய் வைத்துவிட்டாய். நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பதினெட்டுப் படி இறங்கி அதைக் கொட்டிவிட்டு வந்தேன். இது நம் வீட்டில் மட்டும் நடந்தது இல்லை. எங்கள் மஸ்டரிங்கில் கையெழுத்துப் போடாத சட்டம் அது. யார் வீட்டிலும் பிள்ளைகள் குப்பை வாளியைத் தூக்கக் கூடாது. லட்சுமம்மா எனக்கு முதல் வாரமே சொன்னாள், "மகன் கைகே பக்கெட் கொட்பேடம்மா, அப்யாஸ ஆகோகத்தே" என்று. பையன் கையில் வாளியைக் கொடுக்காதே, பழகிப்போய்விடும் என்கிறாள். பழகினால் இதே வேலைக்கு வந்துவிடுவான் என்று பயம். காய்கறித் தோலைக்கூட நீ கையால் அள்ள நான் விட்டதில்லை. ஊர் முழுக்க அள்ளிவிட்டு வந்து, உன் தட்டையும் நானே எடுத்தேன்.

அந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டியிருந்தது, அதைத் தப்பு என்று முழுசாகச் சொல்ல மாட்டேன். லட்சுமம்மா பையன் இன்றைக்கு நர்ஸ், நீ இன்ஜினியர். ஆனால் அதில் ஒரு பாதியைச் சொல்லித்தர மறந்துவிட்டோம். இந்த வேலைக்குப் பிள்ளை வரக்கூடாது என்றோம், சரி. குப்பை கேவலம் இல்லை, அதை அள்ளுகிறவர்களைக் கேவலமாக வைத்திருப்பதுதான் கேவலம் என்று சொல்லவே இல்லை. அதைச் சொல்லாமலே உனக்குப் புரியும் என்று நினைத்தேன். உனக்குப் புரிந்தது வேறு. அம்மா எதையோ தொடுகிறாள், அது அசிங்கம், அம்மாவை அதிலிருந்து தூக்கி எடுத்துக் கழுவி வைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டாய். கத்தினவள் நான்தான். அதனால் உன்னை மட்டும் திட்டி முடிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் உனக்கு முப்பத்தொரு வயது ஆகிறது அசோக். பதினைந்து வயதில் அம்மா சொன்னதை இன்னும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க உனக்கு அவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது? மற்ற எந்த விஷயத்தில் என் பேச்சைக் கேட்டிருக்கிறாய்?

நீ பாசத்தில்தான் கூப்பிடுகிறாய், தெரியும். மெஷின் வாங்கினதும் பாசத்தில்தான். அதனால்தான் இன்னும் கூடுதலாக எரிகிறது. வேண்டாதவன் ஒருத்தன் அவமானப்படுத்தினால் திருப்பி இரண்டு கேட்டுவிட்டு வந்துவிடலாம், நான் கேட்டிருக்கிறேன், ரிச்சர்ட்ஸ் டவுனில் என் குரலுக்குப் பயந்து கண்ணாடியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்த வீடுகள் உண்டு. பெற்ற பிள்ளை அன்பாகக் கையைப் பிடித்துக் கழுவினால் என்னத்தைக் கேட்பது? உன் வீட்டில் எனக்கு ஒரு அறை, கட்டில், டிவி எல்லாம் இருக்கிறது. நான் யார் என்பதற்கு மட்டும் இடம் இல்லை. ஒவ்வொரு தடவை உன் மாமனார் வரும்போதும் நான் ஹெல்த் டிபார்ட்மென்ட் ஆபீஸ்காரியாக உட்கார வேண்டும். எந்த ஆபீஸ், எந்த செக்‌ஷன் என்று அவர் கேட்டால் நீ ஓடி வந்து பதில் சொல்ல வேண்டும். நான் சாகிற வரைக்கும் நீ ஓடிக்கொண்டிருப்பாயா? அதற்கு இந்த ஒக்கலிபுரத்து ஒற்றை அறையே தேவலை. இங்கே பால் வாங்கப் போனால், "அக்கா, எங்க தெருவுக்கு வண்டி ரெண்டு நாளா வரல, யாருகிட்ட சொல்லணும்?" என்று நாலு பேர் என்னைத்தான் கேட்கிறார்கள்.

ஸ்கிராப்காரருக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிடு. டிரம்மைப் பற்றித் திவ்யாவிடம் கேள், அவள் உனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு மாதமும் நீ ஆபீஸ் போனதும் அவள் தினம் காய்ந்த இலை போட்டு, வாரம் ஒரு தடவை கையை விட்டுப் புரட்டியிருக்கிறாள். முதல் டிரம் முடிந்துவிட்டது, வீடியோவில் காட்டினாள். பிசிபேளேபாத்தின் அடையாளமே இல்லை, காப்பித்தூள் மாதிரி கறுப்பாக, உதிரி உதிரியாக இருக்கிறது. ரோஜாத் தொட்டியில் இருக்கும் வற்றல் பொடியை மேல்மண்ணோடு வழித்து எடுத்து இரண்டாவது டிரம்மில் போடு, அங்கே போய் ஒழுங்காக மக்கட்டும். அதற்குப் பதிலாக இந்த எருவில் இரண்டு பிடி. கரண்டியால் இல்லை, நீ, உன் கையால். இரண்டாவது டிரம்மில் ஒரு பங்கு சமையல் குப்பை விழுந்தால் இரண்டு பங்கு காய்ந்த இலை விழ வேண்டும். வெள்ளையாகப் புழு நெளிந்தால் அலறாதே, அது உனக்காக வேலை செய்கிறது. புளித்த வாடை வந்தால் ஈரம் அதிகம், புரட்டிவிடு, மூக்கை எரிக்கிற வாடை வந்தால் இலை போதவில்லை. சோறு மிஞ்சினால் டிரம்மில் கொட்டாமல் அளவாகச் சமைக்கச் சொல்லு, இல்லை, நீயே அளவாகச் சமை.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் சாப்பிட வருகிறாராம், திவ்யா சொன்னாள். நானும் வருகிறேன், காலை பஸ்ஸில். அவருடைய மாடித் தொட்டிக்காக ஒரு பை எரு எடுத்துக் கொடுக்கப்போகிறேன். திவ்யாவுக்கு என் வேலை என்ன என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியாது. எருவைக் கையில் வாங்கினதும் அவர் அன்றைக்குக் கேட்ட கேள்வியைத்தான் மறுபடி கேட்பார், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. நான் சொல்லுவேன். எந்தத் தெரு, எத்தனை வருஷம், என்ன வேலை என்று சொல்லுவேன். அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாது. மாறாமலும் இருக்கலாம். மாறினால் அதைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷம் பார்த்த முகம்தானே. நான் பார்க்கப்போவது அவர் முகத்தை இல்லை, உன் முகத்தை. இந்த வீட்டைக் காலி பண்ணுவதா வேண்டாமா என்பதை அங்கேயே, அப்போதே முடிவு பண்ணிக்கொள்வேன். நீ எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், தியாகம் கீகம் என்று நாலு வார்த்தை சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நில், நடுவில் பேசாதே.

உன் அம்மா